நடுவில் இருக்கும் அரை அங்குலம்

தர்மபுரியில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் வாட்ஸப்பில் ஐந்து படம் அனுப்பினான். ஐந்தும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாட உதவும் ஜாய்ஸ்டிக். கீழே ஒரே வரி: “மாமா, இதுல எது வாங்கலாம்? பதினஞ்சாயிரம் கையில இருக்கு.” ஐந்தில் இரண்டு அந்தப் பணத்துக்கு எட்டவே எட்டாது. அது அவனுக்கும் தெரியும். ஆசைக்கு இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறான். நான் ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன்: “எந்த விமானம் ஓட்டப் போற மாப்ள?”

“மிக்-21.”

யோசிக்காமல் வந்த பதில். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படை மிக்-21க்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்ததிலிருந்து பையனுக்கு அந்தப் பித்து. 1963இல் படையில் சேர்ந்த விமானம் அது. டிசிஎஸ் என்ற கம்ப்யூட்டர் விமானச் சிமுலேட்டரில் அதன் ‘பிஸ்’ ரகத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். டிசிஎஸ் அடிப்படையில் இலவசம்தான். சு-25டி ஒன்று, ஆயுதமில்லாத மஸ்டாங் ஒன்று என இரண்டு விமானம் கூடவே வரும். மிக்-21க்குப் பணம் கட்டுவதற்கு முன் சு-25டியில் ஒரு மாதம் உருண்டு புரண்டு பார் என்று சொல்லி வைத்தேன்.

விமானத்தின் பேரைச் சொன்னதுமே பாதிப் பட்டியல் கழிந்துவிட்டது. மிக்-21க்கு ஒரே எஞ்சின். ஆகவே எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியும் ஒன்றே. ஸ்டிக்கில் சுடும் விசை, கையைத் தளர்த்தினாலும் விமானம் நேராகப் பறக்கச் சரிசெய்யும் ட்ரிம், சக்கர பிரேக்குக்கு ஒரு நெம்புகோல் என்று கொஞ்சம்தான். மற்ற சுவிட்சுகள் எல்லாம் முன் பலகையிலும் பக்கத்துப் பலகையிலும் இருக்கும்; நிஜ பைலட்டே கையை நீட்டித்தான் தட்டினார். நாம் மவுஸால் தட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது.

எஃப்-16, எஃப்-18 கதை வேறு. ஒரு கை ஸ்டிக்கில், ஒரு கை த்ராட்டிலில், எடுக்கவே வேண்டாம், ரேடார் முதல் ஏவுகணை வரை விரலிலேயே முடியும் என்று அமைத்த விமானங்கள் அவை. ஹோட்டாஸ் என்று சொல்வது அந்த ஏற்பாட்டைத்தான். அங்கே நாலு திசைக்கும் தள்ளக்கூடிய ஹாட் சுவிட்ச் நாலைந்தாவது இல்லாவிட்டால் கீபோர்டைத் தேடிக் குனியும்போதே ஏவுகணை வந்து விழும். இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்குப் பட்டன் கம்மி, கால் வேலை ஜாஸ்தி. ப்ரொப்பெல்லர் இழுக்கிற இழுப்பில், மூக்கை இடவலம் திருப்பும் வால் தகடான ரட்டரைக் காலால் மிதித்துக் கொடுக்காமல் ஓடுதளத்தில் நேராக ஓடவே முடியாது. அது போக ப்ரொப்பெல்லர் பிட்ச், மிக்ஸ்சர், ரேடியேட்டர் என்று நெம்புகோல் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

அவன் அனுப்பிய ஐந்தில் பட்டன் கொட்டிக் கிடக்கும் அந்த இரண்டும், அவன் ஓட்டப்போகும் விமானத்துக்குத் தேவையே இல்லாதவை.

சரி, பட்டனை எண்ண வேண்டாம் என்றால் எதைத்தான் பார்ப்பது? என் கணக்கு ஒன்றுதான்: ஸ்டிக்கின் நடுவில் இருக்கும் அரை அங்குலம்.

எதிரி விமானம் உங்கள் மூக்குக்கு முன்னால் முந்நூறு மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்-21பிஸ்ஸின் ஜிஎஸ்எச்-23 பீரங்கிக்கு மொத்தம் 200 குண்டு. விசையை விடாமல் அழுத்தினால் நாலு விநாடியில் காலி. அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டிக்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுக்கப் போவதில்லை. நடுவை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஸ்டிக் ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது. மழைக்காலத்தில் ஊதிப்போன மரக்கதவைத் திறந்திருப்பீர்களே: மெதுவாகத் தள்ளினால் அசையாது, கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் படாரென்று போய்ச் சுவரில் அடிக்கும். அப்படித்தான் விமானத்தின் மூக்கு எதிரிக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை தலையாட்டிக்கொண்டிருக்கும். குண்டு எல்லாம் காற்றுக்குப் போகும்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்ப்பவன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் சீசனில் வீட்டுக்கு வருவதே பெரிய காரியம். மற்ற மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் ஒரு பைலட். ஆலையில் கற்ற ஒரு பாடம் இதில் அப்படியே பொருந்துகிறது. பழைய கன்ட்ரோல் வால்வுகளில், எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஒரு பொடன்ஷியோமீட்டர் இருக்கும். நாங்கள் சுருக்கமாக ‘பாட்’ என்போம். கார்பன் பட்டை ஒன்றின் மேல் ஒரு சின்ன நாக்கு உரசிக்கொண்டே நகரும். வால்வு நாள் முழுக்க நாற்பது சதவீதத்தை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தால், பட்டை அந்த நாற்பதில்தான் தேயும். கழற்றிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் புதுசு. அந்த ஒரு இடத்தில் மட்டும் ரீடிங் துள்ளும்.

பாட் வைத்த ஜாய்ஸ்டிக்கிலும் இதே கதைதான். எங்கே அதிகம் ஆடுகிறதோ அங்கே தேயும். அதாவது, உங்களுக்கு எது ரொம்ப வேண்டுமோ அந்த நடுப்பகுதிதான் முதலில் போகும். ஹால் சென்சாரில் உரசலே இல்லை. ஒரு காந்தம், அதன் நிலையைப் படிக்கும் ஒரு சில்லு, இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. பெட்டியில் ஹால் அல்லது காந்த சென்சார் என்று போட்டிருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். ஆனால் ஒன்று: ஸ்டிக்கின் முன்பின், இடவலம் இரண்டுக்கும் ஹால் வைத்துவிட்டு, முறுக்கினால் ரட்டர் திரும்பும் அச்சுக்கு மட்டும் பாட் வைப்பது சகஜம். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடம் முன்பு பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்டிக் வாங்கினேன். சில்க் போர்டு பாலத்துக்கு அடியில் வைத்துக் கை மாறியது. சோதிக்க ஏது இடம்? வீட்டுக்கு வந்து மாட்டினால், நேராகப் பறக்கும் விமானம் விக்கல் எடுத்த மாதிரி மூக்கை வெடுக் வெடுக்கென்று ஆட்டுகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்ததில் இரண்டு மாதம் சும்மா இருந்தது. பிறகு மறுபடி விக்கல்.

இதற்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று அடித்தால் கன்ட்ரோலர் பட்டியல் வரும், அதில் ப்ராப்பர்ட்டீஸ். ஒரு கட்டத்துக்குள் கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கின் உச்சியில் ஒற்றை விரலை வைத்து எறும்பு ஊர்கிற வேகத்தில் தள்ளுங்கள். குறியும் எறும்பு மாதிரியே ஊர்ந்தால் நல்ல ஸ்டிக். நின்று, பிறகு தாவினால் ஊதிப்போன கதவு. அப்புறம் நாலு பக்கமும் இழுத்து இழுத்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பழைய சாமான் விற்பவரிடம் இந்தச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பஸ் செலவு மிச்சம்.

துள்ளலை மறைக்க டெட்ஸோன் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். போடலாம், அந்த அளவுக்குள் ஸ்டிக் அசைந்தாலும் விமானத்துக்குத் தெரியாது. ஆனால் அது தின்பது நம் அரை அங்குலத்தைத்தானே? நோய்க்குக் கொடுத்த மருந்து நோயாளியையே படுக்கவைத்த கதை. கர்வ் போடுவது வேறு விஷயம். நடுவில் அசைவை மென்மையாக்கி ஓரத்தில் வேகமாக்கும். குட்டை ஸ்டிக்குக்கு அது நன்றாகவே உதவும்.

இனி அவன் அனுப்பிய படங்களுக்கு வருகிறேன்.

லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ சில ஆயிரத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு பட்டன், ஒரு ஹாட், முறுக்கினால் ரட்டர், அடியில் ஒரு குட்டி த்ராட்டில். இந்தப் பொழுதுபோக்கு ஆறு மாதம் தாங்குமா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இதை வாங்குங்கள். சந்தேகம் இல்லையென்றால் வேண்டாம், இரண்டாவது முறையும் வாங்க வேண்டிவரும்.

எக்ஸ்52 ப்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைடெக் காலத்து வடிவம். 2016இல் சைடெக்கை லாஜிடெக் வாங்கியபோது கூடவே வந்தது. த்ராட்டிலில் ஒரு சின்னத் திரை, வெளிச்சம், பார்க்க ஜோர். ஸ்டிக்கை நடுவுக்கு இழுப்பது ஸ்பிரிங்தான். என் கைக்கு அது தொளதொளவென்று இருக்கிறது. பையன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் படம் அனுப்பியிருப்பான்.

த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக் ஆசைப் படங்களில் ஒன்று. ஏ-10சி விமானத்தின் ஸ்டிக், த்ராட்டில் இரண்டின் நகல்; 2010இல் வந்தது, இன்னும் விற்கிறது. கைப்பிடி உலோகம், கையில் பிடித்தாலே ஒரு மிடுக்கு வரும். ஆனால் முறுக்கும் வசதி கிடையாது, ஆகவே ரட்டருக்குக் காலால் மிதிக்கும் பெடலுக்குத் தனியாக அழ வேண்டும். த்ராட்டிலில் இரண்டு எஞ்சினுக்கு இரண்டு பிடி. ஒற்றை எஞ்சின் மிக்-21க்கு ஒன்று சும்மா கூடவே வரும். இத்தனை உலோகத்தையும் தாங்குகிற அடிப்பாகத்துப் பந்து மூட்டு பிளாஸ்டிக் என்பதுதான் வேடிக்கை. இதற்கும் பெடலுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பணத்தில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்குள்தான்.

ஒன்று த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம். ஸ்டிக்குக்கு ஹால் சென்சார்; இந்த விலைக்கு அது பெரிய விஷயம். கைப்பிடியில் நாலு பட்டன், ஒரு ஹாட். மீதி பன்னிரண்டு பட்டன் அடிப்பாகத்தில். கைப்பிடித் துண்டுகளை மாற்றிப் போட்டால் இடது கைக்காரர்களுக்கும் பொருந்தும். கூடவே சேர்த்து விற்கும் டிடபிள்யூசிஎஸ் த்ராட்டில், வளைந்து சாயாமல் தண்டவாளத்தில் நேராக முன்னும் பின்னும் நகர்வது. விரல்களுக்கு அடியில் ஒரு துடுப்பு இருக்கிறது. அதை ரட்டருக்கு வைத்துக்கொண்டால் ஸ்டிக்கை முறுக்கவே வேண்டாம். த்ராட்டில் கொஞ்சம் விட்டு விட்டு நகர்கிறது என்பது பலரின் குறை. கம்பெனி போட்ட கிரீஸைத் துடைத்து வேறு தடவிக்கொள்கிறார்கள். கிரானைட் பட்டறைத் தூசு பறக்கும் நம் ஊரில் கிரீஸும் தூசும் சேர்ந்தால் உப்புத்தாளுக்குச் சமம். ஓட்டி முடித்ததும் மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள். ஸ்டிக்கின் முறுக்கு அச்சு மட்டும் பாட்தான். எடை கம்மி, மேசையில் வழுக்கும்.

இன்னொன்று விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ. இதற்கு த்ராட்டில் கூட வராது. அடிப்பாகத்தில் ஒரு சிறு நெம்புகோல்தான். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேரும். இத்தனை பாதகத்தையும் மீறி இதை நான் சொல்வதற்குக் காரணம் அந்த அரை அங்குலம்தான். முறுக்கு அச்சு உட்பட எல்லாமே தொடாத சென்சார். ஸ்பிரிங்கைக் கழற்றி உங்கள் கைக்கு ஏற்ற கனத்தில் வேறு மாட்டலாம். அசைவு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதையும் உள்ளே திருகித் தீர்மானிக்கலாம். பின்னால் பெடல் வாங்கினால் முறுக்கைப் பூட்டிவிடலாம். இதே கைப்பிடியில் ஹாட் சுவிட்சுகளும் தாராளம். நாளைக்கே எஃப்-16 மேல் ஆசை வந்தாலும் ஸ்டிக்கை மாற்ற வேண்டாம்.

“த்ராட்டில் இல்லாம எப்படி மாமா?” என்றான். நியாயமான கேள்வி. மிக்-21இல் அது இன்னும் நியாயம். இறங்கும்போது இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறங்கும் ஃபிளாப் தகட்டின் மேல் எஞ்சினிலிருந்து காற்றை எடுத்து ஊதும் ஏற்பாடு ஒன்று அதில் உண்டு, எஸ்பிஎஸ் என்பார்கள். தரை வந்துவிட்டதே என்று த்ராட்டிலைச் சடாரென்று பின்னால் இழுத்தால், ஊதும் காற்றும் நின்று, தூக்கும் விசையும் குறைந்து, விமானம் தொப்பென்று விழும். எஞ்சினும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற ரகம் இல்லை. த்ராட்டிலைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த நல்ல நீளமுள்ள த்ராட்டில் இருந்தால் இறங்குவது சுகம். இல்லாவிட்டால்? அடிப்பாகத்துக் குட்டி நெம்புகோலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துத் தள்ளப் பழக வேண்டும். பத்து நாள் திட்டுவீர்கள், பிறகு பழகிவிடும். மோசமான ஸ்டிக் அப்படிப் பழகுவதில்லை. அதனால்தான் இருக்கிற பணத்தை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் சுமாராக வாங்குவதைவிட, முழுசையும் ஸ்டிக்கில் போடு, த்ராட்டில் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பெடலும் அப்படியே, பிறகு. இப்போதைக்கு முறுக்கு போதும். இழுக்கும்போது தெரியாமல் முறுக்கிவிடுவது ஒரு தொல்லை. முறுக்குக்குக் கொஞ்சம் டெட்ஸோன் போடலாம், அங்கே போட்டால் பாவமில்லை. பெடல் வாங்குகிற அன்று ரோலிங் சேரின் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். மிதிக்க மிதிக்க நாற்காலி பின்னால் போய் பீரோவில் இடிக்கும்.

த்ராட்டிலுக்கு முன்னால் வரவேண்டியது ஒன்று உண்டு, அது கிட்டத்தட்ட இலவசம். எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத் தெரியும், கழுத்து வலியோடுதான் ஊர் பஸ் ஏறுவோம். வானத்தில் சண்டை என்பது பாதி கழுத்து வேலை. ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேம் வழியாகவே தலை திரும்புவதைப் பார்த்து விமானத்துக்குள் பார்வையைத் திருப்பும். அறையில் வெளிச்சம் போதுமான அளவு இருக்க வேண்டும். எதிரியைக் கண்ணால் தொடர முடியாதவனுக்கு எந்த ஸ்டிக் இருந்தும் என்ன?

கடைசியாக, யாருமே பட்டியலில் எழுதாத செலவு: எதன்மேல் வைப்பது. மருமகன் வீட்டில் இருப்பது முப்பது அங்குல உயர பிளைவுட் மேசை. அதன்மேல் ஸ்டிக்கை வைத்தால் முழங்கை தோளுக்குப் பக்கத்தில் போய்விடும். அரை மணி நேரத்தில் தோள் கடுக்கும், கடுக்கிற கைக்கு எந்த அரை அங்குலமும் வசப்படாது. முன்கை தொடைக்கு இணையாக, தளர்ந்து கிடக்க வேண்டும். நான் பட்டறையில் ஒரு அங்குலச் சதுரக் குழாயில் நாற்காலியோடு சேர்த்து ஒரு தாங்கி அடித்துக்கொண்டேன். பட்டறை அண்ணன் ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஜேசிபி ஓட்டப் பழகுறீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் கூலி ஏறியிருக்கும்.

கூலி, வரி எல்லாம் கூட்டிப் பார்த்ததில் கிளாடியேட்டர் பதினைந்தைத் தாண்டியது. டி.16000எம் ஸ்டிக்கும் த்ராட்டிலும் சேர்த்து வாங்கினால் இப்போதே கையில் கிடைக்கும், காத்திருக்கவும் வேண்டாம். அவனுக்கு மனசு அந்தப் பக்கம் சாய்வது போனிலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வா, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு என்றேன்.

வந்தான். பரணில் கிடந்த அந்த விக்கல் ஸ்டிக்கை முதலில் மாட்டிக் கொடுத்தேன். பிறகு என் கிளாடியேட்டர். விமானம் ஒன்றே, மிக்-21, எதிரே நேராகப் பறக்கும் ஒரு சரக்கு விமானம், 200 குண்டு. பழைய ஸ்டிக்கில் மூன்று தடவையும் 200ம் தீர்ந்தது, சரக்கு விமானம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புது ஸ்டிக்கில் முதல் இரண்டு தடவை அதே கதி. மூன்றாவது தடவை இறக்கையில் புகை. நான்காவது தடவை எஞ்சின் பற்றிக்கொண்டது, 60 குண்டு மிச்சம். இறங்குகிறேன் பேர்வழி என்று த்ராட்டிலைச் சட்டென்று இழுத்து ஓடுதளத்துக்கு முன்னாலேயே விமானத்தைத் தரையில் போட்டான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது பேச்சே இல்லை. கை கழுவிவிட்டு வந்து என் நாற்காலியின் தாங்கியைக் குனிந்து பார்த்தான், பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

“மாமா, இந்தக் குழாய் எத்தனை அங்குலம்? பொங்கலுக்குள்ள காசு சேர்ந்துடும், அதுக்குள்ள இத அடிச்சு வெச்சுக்கறேன்.”